முழங்கால் யாருடையது?

குன்றத்தூரிலிருந்து அனகாபுத்தூர், பம்மல் வழியாக வரும் சாலை பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் சேருகிறது. ரயில் நிலையம் அங்கிருந்து கொஞ்ச தூரம். 2006 ஜூலை 18 அன்று அந்த நிலையத்தில் ஒருவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். அவர் பெயர் வி.பி. சத்யன். 1995 டிசம்பரில், அப்போது மதராஸாக இருந்த சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், வங்கதேசத்தை 1-0 என்று வென்று தங்கம் வாங்கிய இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன். அந்த ஆண்டின் சிறந்த வீரராக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. இறந்தபோது வயது 41.

சத்யன் கண்ணூர்க்காரர். கேரள போலீஸ் அணி 1990லும் 1991லும் தொடர்ந்து ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அதன் தற்காப்பு வரிசையின் தூண். பிறகு கொல்கத்தா மோகன் பகான், கடைசியில் சென்னை இந்தியன் வங்கி. ஆடுவதை நிறுத்தியதும் அதே வங்கி அணிக்குப் பயிற்சியாளர், இடையில் இந்திய அணிக்கு உதவிப் பயிற்சியாளர். அதாவது, அவருக்கு வேலை இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, கால்பந்தோடு தொடர்பும் அறுந்துவிடவில்லை. காயங்கள் தின்ற காலும், வெளியே தெரியாமல் வளர்ந்த மனச்சோர்வும் பின்னால்தான் பேசப்பட்டன. 2018இல் மலையாளத்தில் ‘கேப்டன்’ என்று படமே வந்தது. தமிழில் அவரைப் பற்றிப் பெரிதாக யாரும் எழுதவில்லை. அவர் வாழ்ந்ததும் இறந்ததும் நம் ஊரில்.

கால்பந்து வீரர்களும் பயிற்சியாளர்களும் கொடுக்கும் விலையைப் பற்றிப் பேசும்போது ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவிடுகிறோம். உண்மையில் அது ஒன்றல்ல. முழங்கால் போவது வேறு, இதயம் நிற்பது வேறு, சம்பளம் வராமல் போவது வேறு, தோற்ற பழியை ஒரு மனிதர் தலையில் கட்டி அனுப்புவது வேறு. ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: ஆடுகிறவரின் உடம்புக்கும் மனதுக்கும் பொறுப்பு யார்? கிளப்பா, சங்கமா, அரசா, வீட்டில் இருக்கிறவர்களா? இந்தக் கட்டுரைக்காகத் தேடிப் படித்தவற்றில் என் கண்ணில் பட்ட பதில் பெரும்பாலும் ஒன்றுதான். கடைசியில் வீடுதான்.

சென்னைக் கால்பந்தின் பழைய ஏற்பாட்டை முதலில் பார்க்கவேண்டும். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, ஏ.ஜி. ஆபீஸ் என்று சீனியர் டிவிஷனில் ஆடிய அணிகளில் பல அலுவலக அணிகள். நன்றாக ஆடுகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலையில் பிராக்டிஸ், மதியத்துக்கு மேல் ஆபீஸ், சாயங்காலம் மேட்ச். முப்பத்தைந்து வயதில் பூட்ஸைக் கழற்றினாலும் அறுபது வரை சம்பளம், பிறகு பென்ஷன். வியாசர்பாடியிலோ பல்லாவரத்திலோ ஒரு தாய் தன் மகனைப் பந்து விளையாட விட்டதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருந்தது. ஐ.எம். விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். கேரள போலீஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. கொல்கத்தா போய் நாட்டின் பெரிய பெயராகி, திரும்பவும் போலீஸுக்கே வந்து, 2025இல் துணைக் கமாண்டன்ட்டாக ஓய்வு பெற்றார். கால் ஓய்ந்த பிறகும் சட்டையில் நட்சத்திரம் இருந்தது.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. அது வயிற்றைப் பார்த்துக்கொண்டது. அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. மைதானத்தில் பத்தாயிரம் பேர் பெயர் சொல்லிக் கத்திய ஒருவர், அடுத்த ஆண்டு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பாஸ்புக்கில் பதிவு போடும்போது அவருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க எந்த ஆபீஸிலும் ஆள் கிடையாது. சத்யனிடம் வேலை இருந்தது. அது போதவில்லை.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்தது. சென்னையின் எஃப்.சி. 2015லும் 2017-18லும் கோப்பை வாங்கியது. தமிழ்நாட்டுப் பையன்கள் அதுவரை கனவில்கூட நினைக்காத தொகைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் ஆபீஸ் வேலையின் இடத்தில் வந்தது ஒப்பந்தம். ஃபிஃபா விதிப்படி ஓர் ஒப்பந்தம் குறைந்தது அந்தப் பருவம் முடியும்வரை, அதிகபட்சம் ஐந்து ஆண்டு. காயம் பட்டார் என்பதற்காக மட்டும் கிளப் அவரை வெளியேற்ற முடியாது. ஆனால் ஒப்பந்தம் முடியும் தேதியைக் காயம் மாற்றாது. சிக்கல் இங்கேதான்.

ஏ.சி.எல். என்று மைதானத்தில் எல்லாரும் சொல்லும் தசைநார் முழங்காலின் நடுவில் குறுக்காக ஓடுகிறது. யாரும் உதைத்துத்தான் அது அறுபடவேண்டும் என்பதில்லை. வேகமாக ஓடி சட்டென்று திசை திருப்பும்போது, குதித்து இறங்கும்போது, தானாக அறுந்துவிடுவதே அதிகம். முழுக்க அறுந்தால் தானாக ஒட்டாது. தொடையின் பின்தசையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ நாரை எடுத்து வைத்துக் கட்டவேண்டும். மறுபடி ஆட ஒன்பது மாதமாவது ஆகும். அவசரப்பட்டால் மறுபடி அறும். அதற்குள் தொடை சுருங்கும், வேகம் குறையும், ஒரு காலை நம்ப மனம் மறுக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். மே மாதம் முடியும் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஜனவரியில் கால் போனால், அவர் மறுபடி ஓடத் தொடங்கும்போது எந்த கிளப்புக்கும் சொந்தமானவர் அல்ல. பிசியோவுக்கு யார் பணம் கட்டுவது?

குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2019-20இல் ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். கோப்பை வென்றார். இடது ஓரத்தில் அவர் பந்தோடு ஓடுவதைப் பார்த்தவர்கள் இந்திய அணியில் பல ஆண்டு இருப்பார் என்றே நினைத்தார்கள். 2020 நவம்பர் 20, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம். கொரோனாவால் பார்வையாளரே இல்லாத கோவா மைதானம். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்தப் பருவமே போயிற்று. திரும்பி வந்தார், ஆடினார். ஆனால் இடையில் போன காலத்தை எந்த அறுவைச் சிகிச்சையும் ஒட்டித் தராது. 2018இல் சென்னையோடு கோப்பை வாங்கிய வியாசர்பாடி நடுக்கள வீரர் தனபால் கணேஷும் அதற்குப் பிறகு முழங்கால் காயத்தோடு மல்லுக்கட்டி வெளியே கழித்த காலம் நீளமானது. இவர்கள் பெரிய கிளப்பில் இருந்தார்கள், மருத்துவர் கிடைத்தார். மேட்ச் காசுக்கு ஆடுகிறவன் கதை வேறு.

அந்தக் கதையில் ஒரு முரண்பாடு உண்டு. குன்றத்தூரைச் சுற்றி, ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டால் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. வேலைக்குத் திரும்பும்வரை ஏறத்தாழ சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்க வழி இருக்கிறது. அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்டில் இன்னொரு ஊர் அணிக்காகக் காசு வாங்கிக்கொண்டு ஆடி முழங்காலை உடைத்துக்கொண்டால் வேலைக் காயத்துக்கான அந்த 90 விழுக்காடு கிடையாது. நோய் விடுப்புக்கான குறைந்த தொகையோடு நிற்கவேண்டியதுதான். இன்று குன்றத்தூர், மாங்காடு, போரூர் பக்கம் இரவில் விளக்குப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்கள் பெருகியிருக்கின்றன. ஆடுகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள், சந்தோஷம். கீழே விழுந்தால் யார் பார்ப்பது என்ற கேள்வியும் அதே அளவு அதிகமாகியிருக்கிறது.

சிகிச்சை கிடைத்தாலும் போதாது, அது சரியாகவும் இருக்கவேண்டும். 2022 நவம்பரில் ராணி மேரிக் கல்லூரியில் முதலாண்டு படித்த 17 வயது வீராங்கனைக்குக் கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்காலில் ஆர்த்ராஸ்கோபி செய்தார்கள். இறுக்கிக் கட்டிய கட்டால் ரத்த ஓட்டம் நின்றது. காலை எடுக்கவேண்டியதாயிற்று. நவம்பர் 15 அன்று ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இறந்தாள். மருத்துவர்களின் கவனக்குறைவு என்று அரசே ஒப்புக்கொண்டது, இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. அவள் தொழில்முறை வீராங்கனை அல்ல. ஆனால் தொழில்முறைக்குப் போகும் படிக்கட்டில் நின்றவள். அந்தப் படிக்கட்டில் நிற்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கிளப் மருத்துவர் கிடையாது, அரசு மருத்துவமனைதான்.

பெண்கள் கால்பந்தில் பழைய ஏற்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். மதுரை சேது எஃப்.சி. 2018-19இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. வென்ற கையோடு வீராங்கனைகளில் பலர் தேடியது ஒப்பந்தத்தை அல்ல, அரசு வேலையைத்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து, இதயம். 2004 டிசம்பர் 5, பெங்களூர் கண்டீரவா மைதானம், ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த அதே கணத்தில் மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பாலுடன் மோதி விழுந்தார், எழவில்லை. டெம்போவின் இரண்டு கோலும் அவர் அடித்தவை. பால் அப்போது பதின்வயதுப் பையன். பிற்பாடு இந்திய அணியின் முதன்மை கோல்கீப்பரானார். ஆனால் அந்தப் பெயரோடு அந்த மாலையும் ஒட்டிக்கொண்டே வந்தது. இறந்தவரைப் பற்றி எழுதுகிறோம். மோதிவிட்டு உயிரோடு நின்ற அந்தப் பையனை யார் உட்காரவைத்துப் பேசியிருப்பார்கள்?

ஏழு ஆண்டு கழித்தும் பாடம் படிக்கவில்லை. 2012 மார்ச்சில் பெங்களூர் லீக் ஆட்டத்தில் டி. வெங்கடேஷ் மயங்கி விழுந்தபோது மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைக்கவில்லை. சில நாட்களுக்கு முன்னால்தான் லண்டனில் ஃபாப்ரிஸ் முவாம்பா என்ற வீரரின் இதயம் மைதானத்திலேயே நின்று, 78 நிமிடம் கழித்து மீண்டும் துடித்திருந்தது. அங்கே மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்தது, ரசிகர்கள் பகுதியிலிருந்து ஓர் இதய நிபுணர் இறங்கி ஓடிவந்தார். இங்கே ஆட்டோ. 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்தவர் பாலக்காட்டு தனராஜன். கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். 39 வயதில் ஏன் இன்னும் செவன்ஸ் ஆடிக்கொண்டிருந்தார் என்று கேட்பவர்கள், கால்பந்து வீரரின் வருமானம் எந்த வயதில் நின்றுபோகிறது என்பதையும் கேட்கவேண்டும்.

இதயம் பற்றிய கதைகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இறந்தவர்கள் கதை அல்ல. உயிரோடு இருக்கும் அன்வர் அலியின் கதை. பஞ்சாபின் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்துப் பையன். 2017இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடினார். 2019இல் மும்பை சிட்டி அணி செய்த பரிசோதனையில் இதயத் தசை தடித்திருக்கும் பிறவிக் கோளாறு தெரிந்தது. இளம் விளையாட்டு வீரர்கள் திடீரென்று இறப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அது. 2020இல் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை ஆடவேண்டாம் என்றது. பந்தைத் தவிர வேறு தொழில் தெரியாத இருபது வயது இளைஞன் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு ஆட அனுமதி வந்தது. கோவா அணி, பிறகு மோகன் பகான், இந்திய அணி. 2024இல் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறியபோது எழுந்த தகராறில் 12.90 கோடி ரூபாய் இழப்பீடு வரை பேச்சு போனது. ஒரு காலத்தில் யாருமே பொறுப்பேற்கத் தயாராக இல்லாத அதே இதயத்துக்கு இரண்டு கிளப்புகள் சொந்தம் கொண்டாடின.

யார் சொன்னது சரி? கூட்டமைப்பு கொடுமை செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பையன் மைதானத்தில் விழுந்து செத்தால் கேள்வி கேட்கப்படுவது அவர்கள்தான். ஆனால் ‘ஆடாதே’ என்று சொல்கிறவர் ‘அப்படியானால் இதைச் செய், அதுவரை இதை வைத்துக்கொள்’ என்றும் சொல்லவேண்டும். அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு இங்கே ஏற்பாடே கிடையாது. அதனால்தான் உயிரைப் பணயம் வைப்பது அறிவுள்ள முடிவாகிவிடுகிறது.

பயிற்சியாளர்கள் பக்கம் வருவோம். இந்தியக் கால்பந்தின் பெரிய வெற்றியே நோயின் மேல் நின்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய அணியில், தலையில் தையலோடு ஆடிக் கோல் அடித்தார் ஜர்னைல் சிங். வெளியே நின்ற பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமுக்குப் புற்றுநோய். 1963 ஜூனில் இறந்தார். இதை வீரக் கதையாகச் சொல்லிச் சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. நோயாளி ஒருவர் ஓய்வெடுக்க வழி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இன்றைய பயிற்சியாளரின் துன்பம் வேறு மாதிரி. சென்னையின் எஃப்.சி.யின் பட்டியலைப் பாருங்கள். மட்டராட்ஸி மூன்று பருவம் இருந்தார். ஜான் கிரெகரி 2018இல் கோப்பை வாங்கித் தந்தார். அடுத்த பருவம் அணி கடைசி இடம். 2019 நவம்பரில் போய்விட்டார். ஓவன் கோயில் வந்து அதே அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோய்விட்டு விலகினார். லாஸ்லோ ஒரு பருவம். பண்டோவிச்சைப் பருவத்தின் நடுவிலேயே அனுப்பினார்கள். பிர்டாரிச் ஒரு பருவம். மறுபடி கோயில். பண்டோவிச் போன 2022 பிப்ரவரியில் இடைக்காலப் பொறுப்பேற்றவர் சையத் சபீர் பாஷா. 1995 இறுதியாட்டத்தில் சத்யன் தலைமையில் ஆடி அந்த ஒரே கோலை அடித்தவர். இந்தியன் வங்கிக்காரர். வெளிநாட்டுக்காரர் தோற்றுப் போனபோது உள்ளூர்க்காரர் வந்து தீயை அணைத்தார், அடுத்த பருவத்துக்கு மறுபடி வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தார். உள்ளூர்ப் பயிற்சியாளர்களின் வலி இதில்தான் என்று நினைக்கிறேன். தோல்வியில் பங்கு உண்டு, வாய்ப்பில் பங்கு குறைவு.

இந்திய அணிப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை 2024 ஜூனில் கூட்டமைப்பு நீக்கியது. ஆசியக் கோப்பைக்குப் பிறகு மன அழுத்தத்தால் தனக்கு இதய அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் பேச்சிலும் நடத்தையிலும் குறை காணலாம். எனக்கும் சில உண்டு. ஆனால் கேட்டவர்களில் சிலர் இதய அறுவை என்பதை அவருடைய வாதத் தந்திரமாகவே எடுத்துக்கொண்டார்கள். லிவர்பூலின் ஜெரார் ஊலியே 2001 அக்டோபரில் ஆட்டத்தின் இடைவேளையில் நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குப் போய்ப் பெருந்தமனி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஐந்து மாதத்தில் திரும்பினார். அதே கிளப்பின் யூர்கன் குளோப் 2024 ஜனவரியில், சக்தி தீர்ந்துபோகிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பருவ முடிவில் விலகினார். சொல்லிவிட்டுப் போவதற்கும் ஒரு வசதி வேண்டும். அந்த வசதி வங்கிக் கணக்கில் இருக்கிறது.

மனதைப் பற்றி ஜெர்மனியில் ஒரு மரணம் சட்டென்று பேச வைத்தது. தேசிய அணி கோல்கீப்பர் ராபர்ட் என்கே 2009 நவம்பர் 10 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வு வெளியே தெரிந்தால் இடம் போய்விடும் என்று மறைத்தே வந்திருந்தார். மறுநாளே அவர் மனைவி மருத்துவரோடு செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு மாதங்களில் அந்நாட்டுக் கால்பந்து சங்கமும் லீகும் கிளப்பும் சேர்ந்து அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கின. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பல்லாவரத்தில் நடந்தபோது நம் சங்கங்கள் இரங்கல் தெரிவித்தன. வீரர்களுக்காக இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் அதே 2006இல் உருவானது. ஆனால் அது பெரும்பாலும் சம்பள பாக்கியோடு மல்லுக்கட்டியே களைத்துப்போகிறது. இன்று 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணை யாரும், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எந்த மைதானத்து உடைமாற்றும் அறையிலும் அதை எழுதி ஒட்டியிருப்பதை நான் பார்த்ததில்லை. தலையால் பந்தை முட்டுவதன் விளைவும் இதோடு சேர்ந்தது: ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, மறதி நோய் போன்ற நரம்புச் சிதைவு நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்றது. இங்கே ஓய்வு பெற்ற வீரர்களை அப்படி எண்ணிப் பார்க்க ஆளில்லை.

கடைசியாகச் சம்பளம். கூட்டமைப்புக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010இல் போட்ட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்கவில்லை. ஜூலையில் லீகை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு, ஒடிஷா, சென்னை என்று கிளப்புகள் ஒவ்வொன்றாக முதன்மை அணியின் சம்பளத்தையோ செயல்பாட்டையோ நிறுத்தின. கோடி வாங்குகிற நட்சத்திரங்கள் சமாளித்துவிடுவார்கள். மசாஜ் செய்பவர், பூட்ஸ் எடுத்து வைப்பவர், முதல் ஒப்பந்தத்தில் வீட்டுக்கடன் வாங்கிய இருபத்திரண்டு வயதுப் பையன் எப்படிச் சமாளிப்பார்கள்? 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்கள் ஃபிஃபா தலையிடவேண்டும் என்று காணொளியில் கெஞ்சினார்கள். சில நாள் கழித்து, பிப்ரவரி 14 முதல் 14 அணிகளோடு சுருக்கப்பட்ட லீக் என்று விளையாட்டு அமைச்சர் அறிவித்தார்.

இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்து வீரரே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதியில் இடமுண்டு. முறித்துக்கொண்டு எங்கே போவது என்பது விதியில் இல்லை. வேண்டியவை இவை: ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், ஆடும்போது பட்ட காயம் குணமாகும்வரை சிகிச்சைச் செலவு கிளப்புடையது என்று ஒரு பிரிவு. மாவட்ட லீக் தொடங்கி எந்த ஆட்டத்துக்கும் ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் விசில் ஊதக்கூடாது என்று ஒரு விதி. அகாடமியில் பணம் வாங்கிச் சேர்க்கும்போதே ஓர் இ.சி.ஜி.; ‘ஆடாதே’ என்று நிறுத்தப்படுகிறவருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு பங்கு. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கென்று 3 விழுக்காடு ஏற்கெனவே இருக்கிறது. சாதித்தவர்களைப் பார்க்கும் அந்த ஒதுக்கீடு, ஆட முடியாமல் போனவர்களையும் பார்க்க ஓர் அரசாணை போதும்.